தைராய்டு குறைவும் தாய்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். தைராய்டு மாத்திரை வாங்க வருகிற இளம்பெண்கள், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள். "அக்கா, இது இருந்தா குழந்தை நிக்குமா?" எனக்கும் 26 வயதிலிருந்து இதே மாத்திரைதான். ஒரு கருவை இழந்திருக்கிறேன். ஒரு மகள் இருக்கிறாள், இப்போது யுகேஜி படிக்கிறாள். கவுண்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் டாக்டர் சொல்வதற்கு இது மாற்று இல்லை. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காக எழுதியது.

எல்லாவற்றையும் படிக்க நேரம் இல்லையென்றால், "இரண்டு கோடு வந்துவிட்டது" என்று தொடங்கும் கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

தைராய்டு குறைவாக இருந்தால் குழந்தை பிறக்காதா?

பிறக்கும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு அளவைச் சரியாக வைத்திருப்பவர்கள் மற்றவர்களைப் போலவே கருத்தரிக்கிறார்கள், நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். கருத்தரிப்பதைத் தள்ளிப்போடும் காரணங்களில் இதைப்போல ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்து, ஒரு சின்ன மாத்திரையில் சரியாகிறவை குறைவு. அரிதான நோயும் இல்லை. சென்னை உள்பட எட்டு இந்திய நகரங்களில் எடுத்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. உங்கள் தெருவிலேயே நான்கைந்து பேர் இருப்பார்கள், வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

கழுத்தில் இருக்கிற சுரப்பிக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டுக்கும் உத்தரவு மூளைக்குள் ஒரே இடத்திலிருந்துதான் போகிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால், "இன்னும் சுரக்கணும்" என்று மூளை தூண்டிவிட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தூண்டல்தான் உங்கள் ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் கூடியிருப்பதாகத் தெரிகிறது. அதாவது டிஎஸ்எச் எண் ஏறினால் தைராய்டு இறங்கியிருக்கிறது என்று பொருள். கடையில் பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "எனக்குத் தைராய்டு அதிகமாம்" என்பார்கள்.

அதே தூண்டல் ப்ரோலாக்டினையும் கூட்டிவிடலாம். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அது. அது கூடினால் கருமுட்டை முதிர்ந்து வெளிவருவது தடைபடும். மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு அளவுக்கு மீறி ரத்தம் போகும், சிலருக்குத் தேதி தவறாமல் வந்தாலும் முட்டை வெளியாகாது. ப்ரோலாக்டின் அதிகம் என்று ரிப்போர்ட் வந்து பயந்துபோய் வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். டிஎஸ்எச்சும் கூடவே அதிகமாக இருந்தால் முதலில் தைராய்டைச் சரிசெய்வார்கள், பெரும்பாலும் ப்ரோலாக்டினும் தானாக இறங்கிவிடும். நீர்க்கட்டி என்று சொல்லப்பட்டவர்களும் தைராய்டு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது சகஜம்.

எனக்கு டிஎஸ்எச் 3.8. லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்றுதான் இருக்கிறது. டாக்டர் ஏன் மாத்திரை அளவைக் கூட்டினார்?

லேபில் அச்சடித்திருக்கும் நார்மல் எல்லை பொதுவானது. 0.4-லிருந்து 4 அல்லது 4.5 வரை என்று போட்டிருப்பார்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுக்கிற பெண், குழந்தைக்குத் திட்டமிடும்போது 2.5-க்குக் கீழே இருக்கட்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். கர்ப்பமானதும் உடலின் தேவை சட்டென்று ஏறும். அப்போது சமாளிக்கக் கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும், அதனால்தான் முன்கூட்டியே இறக்கி வைக்கிறார்கள். உங்கள் டாக்டர் செய்தது சரி.

மாத்திரையே எடுக்காதவருக்கு 2.5-க்கும் 4-க்கும் நடுவில் இருந்தால் கதை வேறு. அங்கே டாக்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. சிலர் சிறிய அளவில் தொடங்குவார்கள், சிலர் மறுபடி பரிசோதித்துப் பார்ப்போம் என்பார்கள். முன்பு கரு கலைந்திருக்கிறதா, சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா, வயது என்ன என்பதைப் பார்த்து முடிவெடுப்பார்கள். 4-ஐத் தாண்டிவிட்டால், குழந்தைக்கு முயற்சி செய்பவருக்கு மாத்திரை தொடங்குவதுதான் வழக்கம்.

இன்னொன்று. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது பல லேப்களின் சோதனை முறையைக் குழப்பி, டிஎஸ்எச்சைக் குறைத்துக் காட்டலாம். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், அல்லது சாப்பிடுவதாக லேபில் சொல்லுங்கள். அன்றைய தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுவது நல்லது.

மாத்திரை தொடங்கி எத்தனை நாளில் முயற்சி செய்யலாம்?

தைராய்டு மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்சின் மெதுவாக வேலை செய்கிற மருந்து. உடலில் அதன் அளவு பாதியாகவே சுமார் ஏழு நாள் ஆகும். எனவே அளவை மாற்றினால் புதிய நிலை சமனாக ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். பத்து நாளில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து "இறங்கவே இல்லை" என்று அழ வேண்டாம். காசும் வீண், மன நிம்மதியும் போகும். ஆறு வாரம் கழித்து எடுங்கள். டிஎஸ்எச் சரியான அளவுக்கு இறங்கிய பிறகு முயற்சியைத் தொடங்குவது பாதுகாப்பு. ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராமை இந்தக் காத்திருப்பு நேரத்திலேயே ஆரம்பித்துவிடலாம்.

டிஎஸ்எச் சரியாகி ஒரு வருடம் முயன்றும் நிற்கவில்லை என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே போங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

காலையில் ஃபில்டர் காபி இல்லாமல் முடியாது. மாத்திரையை எப்படிப் போடுவது?

சென்னையில் இந்த மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போவதற்குக் காபிதான் முதல் காரணம் என்று என் கவுண்டர் அனுபவம் சொல்கிறது. "75-லேர்ந்து 100 ஆக்கிட்டாங்க, அப்பவும் இறங்கலை" என்று வருவார்கள். எப்படிப் போடுறீங்க என்று கேட்டால், "காபியோடதான், அப்பதான் ஞாபகம் இருக்கு" என்பார்கள். காபி இந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பாலில் இருக்கும் கால்சியமும் கெடுக்கும். நம் காபியில் இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. பிறகு ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். முடியாவிட்டால் அரை மணியாவது. ஆவின் பாக்கெட்டை வாசலில் எடுக்கப் போகும் முன் மாத்திரையைப் போட்டுவிட்டால், பால் காய்ச்சி, டிகாக்‌ஷன் இறங்கி, குளித்து வருவதற்குள் நேரம் ஓடிவிடும். நான் தலைமாட்டில் புட்டியும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்துக்கொண்டு, அலாரம் அடித்ததும் படுக்கையிலேயே போட்டுவிடுவேன்.

ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள், ஓ.எம்.ஆர். பக்கம் இரவு வேலைக்குப் போகிறவர்கள், காலையில் இது ஒத்துவராது என்றால் டாக்டரிடம் கேட்டு ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும் முன். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம், அதே முறை. ஒருநாள் காபியோடு, ஒருநாள் காபி இல்லாமல் என்றால் ரிப்போர்ட்டும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்லும், டாக்டருக்கும் எதை நம்புவதென்று தெரியாது.

ஒரு நாள் மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. வாரத்தில் மூன்று நாள் மறப்பதுதான் பிரச்சினை.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைச் சேர்த்துப் போடலாமா?

கூடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டும் தைராய்டு மருந்தைப் பற்றிக்கொண்டு உடலுக்குள் போகவிடாமல் செய்யும். மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும்போது நான் பையின் மேலேயே எழுதிவிடுவேன்: தைராய்டு காலையில், இரும்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கால்சியம் ராத்திரி. அல்சருக்குப் போடும் மாத்திரை, ஜெலுசில் மாதிரி டானிக் எல்லாம் இதே கணக்குதான். பல்வகைச் சத்து மாத்திரைக்குள்ளும் இரும்பு இருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

இரண்டு கோடு வந்துவிட்டது. முதல் ஸ்கேன் வரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதே இந்த ஒரு பதிலுக்காகத்தான்.

கருவில் இருக்கும் குழந்தையின் தைராய்டு சுமார் 12-வது வாரத்தில்தான் தானாகச் சுரக்க ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகும் 18, 20 வாரம் வரை பெரும்பகுதி அம்மாவிடமிருந்துதான் போக வேண்டும். மூளையும் நரம்பும் உருவாகிற வாரங்கள் அவை. நல்ல தைராய்டு இருக்கிற பெண்ணுக்கு, கர்ப்பம் நின்றதும் உருவாகும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனே சுரப்பியைத் தட்டிக் கூடுதலாகச் சுரக்க வைத்துவிடும். நம் சுரப்பியால் அது முடியாது. நமக்குக் கூடுதல் என்பது புட்டியிலிருந்துதான் வர வேண்டும். அந்தத் தேவை ஐந்தாவது வாரத்திலேயே ஏற ஆரம்பித்துவிடுகிறது. அதாவது நாள் தள்ளிப்போய் ஒரு வாரம்கூட முழுதாக ஆகியிருக்காது. முதல் ஸ்கேன் ஆறு, ஏழு, எட்டாவது வாரம். அதுவரை பழைய அளவிலேயே இருந்தால் குழந்தைக்கு மிகவும் தேவையான நேரத்தில் நம்மிடம் குறைவாக இருக்கும்.

என் முதல் கர்ப்பத்தில் எனக்கு இது தெரியாது. தினமும் இதே மாத்திரையை எடுத்துக் கொடுக்கிற எனக்கே தெரியாது. இரண்டு கோடு பார்த்த அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன், கோயிலுக்குப் போனேன், புட்டியைப் பற்றி நினைக்கவே இல்லை. நான் காட்டிக்கொண்டிருந்த இடத்தில் தொலைபேசியில் கேட்டபோது, "எட்டாவது வாரம் ஸ்கேனுக்கு வாங்க" என்றார்கள். தைராய்டு மாத்திரை எடுக்கிறேன் என்று நான் சொன்னேன், அவர்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எட்டாவது வாரம் எடுத்த ரத்தத்தில் டிஎஸ்எச் 9-ஐத் தாண்டியிருந்தது. அடுத்த வாரம் துடிப்பு இல்லை. அது தைராய்டால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆரம்ப வாரங்களில் கலைகிற கருக்களில் பெரும்பாலானவை குரோமோசோம் பிழையால் கலைபவை, அம்மா எதையும் செய்து தடுத்திருக்க முடியாது. டாக்டர் இதை எனக்கு மூன்று முறை சொன்னார். ஆனாலும் சரிசெய்திருக்கக்கூடிய ஒன்று சரிசெய்யப்படாமல் இருந்தது என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் கவுண்டரில் முன்பின் தெரியாத பெண்களிடமும் இதைச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது இது. கர்ப்பமாவதற்கு முன்பே, இப்போதே, டாக்டரிடம் கேளுங்கள்: "பாசிட்டிவ் வந்தால் அன்றே மாத்திரையை எவ்வளவு கூட்டட்டும்?" பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் 20 முதல் 30 சதவீதம் கூட்டச் சொல்கிறது. எளிய வழி ஒன்றையும் சொல்கிறது: வாரத்துக்கு ஏழு மாத்திரை போடுபவர் ஒன்பது போடுவது. ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் இரண்டு. புது புட்டி வாங்க வேண்டியதுகூட இல்லை. ஆனால் உங்கள் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். சிலருக்கு இதயக் கோளாறு இருக்கும், சிலருக்கு அளவு ஏற்கெனவே கூடுதலாக இருக்கும்.

அதே வாரம் டிஎஸ்எச் எடுங்கள். பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை, கர்ப்பத்தின் பாதி வரை. 30-வது வாரத்தை ஒட்டி இன்னொரு முறை. டாக்டர் எழுதித் தரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இரண்டாவது முறை பாசிட்டிவ் வந்தது ஒரு ஞாயிறு காலை ஐந்தரை மணி. சீட்டு பீரோக் கதவில் ஒட்டியிருந்தது. அன்று இரண்டு மாத்திரை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்காரரை எழுப்பினேன்.

மசக்கையில் மாத்திரை வாந்தியாகிவிடுகிறது, என்ன செய்ய?

விழுங்கிய உடனேயே வாந்தியில் மாத்திரை வந்துவிட்டால் மறுபடி ஒன்று போட வேண்டியிருக்கும், டாக்டரிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலை வாந்தி தினமும் இருந்தால் ராத்திரிக்கு மாறுங்கள். நிறுத்த மட்டும் வேண்டாம்.

"கர்ப்பத்தில் இங்கிலீஷ் மருந்து ஆகாது, நிறுத்து" என்று மாமியார் சொல்கிறார்.

அவர் சொல்வது அக்கறையில்தான், அவருடைய காலத்து எச்சரிக்கை அது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அத்தை, இது வெளி மருந்து இல்லை. உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய அதே பொருள், எனக்குச் சுரக்காததால் மாத்திரையாகப் போடுகிறேன்." உண்மையும் அதுதான். லெவோதைராக்சின் என்பது நம் சுரப்பி சுரக்கிற டி4 ஹார்மோனேதான். சரியான அளவில் குழந்தைக்குத் தீங்கில்லை. நிறுத்துவதில்தான் ஆபத்து: கரு கலைதல், ரத்தக் கொதிப்பு, குறைமாதப் பிரசவம், குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுவது என்று எல்லாமே சிகிச்சை இல்லாத தைராய்டு குறைவோடு சேர்ந்து வருபவை. பால் கொடுக்கும்போதும் தொடரலாம்.

நாட்டு மருந்து சேர்த்து எடுக்கிறீர்கள் என்றால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அமுக்கராக் கிழங்கு, அதாவது அஸ்வகந்தா, தைராய்டு அளவுகளை மாற்றக்கூடியது, கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியது. கடல்பாசி மாத்திரைகளில் அயோடின் அளவுக்கு மீறி இருக்கும். அதுவும் சுரப்பியைக் கெடுக்கும்.

எதிர்ப்பொருள் பாசிட்டிவ், ஆனால் டிஎஸ்எச் நார்மல். மாத்திரை வேண்டுமா?

ஆன்டி டிபிஓ என்று ரிப்போர்ட்டில் வரும். உடலின் காவல் படையே சுரப்பியைத் தாக்குகிறது என்பதற்கான தடயம். 1912-ல் ஜப்பானிய டாக்டர் ஹக்காரு ஹாஷிமோட்டோ எழுதிய நோய் இது, அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அயோடின் போதுமான அளவு கிடைக்கிற இடங்களில் தைராய்டு குறைவுக்கு முதல் காரணம் இதுதான்.

இப்படி எதிர்ப்பொருள் மட்டும் இருந்து அளவு சரியாக இருக்கும் பெண்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுத்தால் பலன் உண்டா என்று பிரிட்டனில் பெரிய ஆய்வு நடத்தி 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். முன்பு கரு கலைந்தவர்கள் அல்லது குழந்தையின்மைக்குச் சிகிச்சை எடுத்தவர்கள், 900-க்கு மேற்பட்டவர்கள் பங்கெடுத்தார்கள். ஒரு பாதிக்கு 50 மைக்ரோகிராம், மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரை. இரு பக்கமும் நூற்றுக்குச் சுமார் 37 பேருக்குக் குழந்தை பிறந்தது. வித்தியாசமே இல்லை. ஆக, உங்கள் டாக்டர் மாத்திரை வேண்டாம் என்றால் அலட்சியம் என்று எண்ண வேண்டாம். ஆனால் கர்ப்பமானதும் உங்கள் சுரப்பி தடுமாறக்கூடும், அதனால் நான்கு வாரப் பரிசோதனை உங்களுக்கும் உண்டு.

முட்டைக்கோஸ், கேழ்வரகு, மரவள்ளி எல்லாம் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். வேகவைத்து, வழக்கமான அளவில் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. பச்சை முட்டைக்கோஸ் ஜூஸைத் தினமும் குடிப்பவர்கள் மட்டும் நிறுத்துங்கள். சோயா சாப்பிடலாம், மாத்திரை நேரத்தில் வேண்டாம்.

நான் கவலைப்படுவது கல்லுப்பைப் பற்றி. நம் வீடுகளில் குழம்புக்குக் கல்லுப்புதான் ருசி என்பார்கள். மூட்டையிலிருந்து அளந்து தருகிற கல்லுப்பில் அயோடின் இருக்கும் என்று நம்ப முடியாது. 2006-லிருந்து நாடு முழுக்க உணவுக்கு அயோடின் சேர்த்த உப்பைத்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். அயோடின் சேர்த்த கல்லுப்பே பாக்கெட்டில் கிடைக்கிறது, ருசியை விட வேண்டியதில்லை. கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவருக்கும் நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், மற்ற பெரியவர்களுக்கு 150 போதும். உப்பு ஜாடியை அடுப்புப் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள், சமையல் முடியும் நேரத்தில் உப்பைச் சேருங்கள். இந்துப்புக்கு மாறியவர்கள் இந்த ஒரு வருடமாவது திரும்பி வாருங்கள். ஆனால் உப்பை மாற்றியதால் மாத்திரை தேவைப்படாது என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஹாஷிமோட்டோவுக்கு உப்பு மருந்தாகாது.

சஷ்டி விரதம் இருக்கிறேன். மாத்திரை போடலாமா?

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பதைச் சஷ்டி விரதத்தோடு சேர்த்துச் சொல்லும் நம்பிக்கையில், கந்த சஷ்டியின் ஆறு நாளும் விரதமிருந்து வடபழனிக்குப் போய் வருகிற பெண்களை நன்றாகத் தெரியும். நானும் இருந்திருக்கிறேன். தண்ணீரோடு மாத்திரை போட்டால் விரதம் கெடாது, வெறும் வயிறு என்பதால் மருந்தும் நன்றாகவே ஏறும். தண்ணீர்கூட இல்லாத ரமலான் நோன்பு என்றால் ராத்திரிப் படுக்கும் முன்னோ, ஸஹர் உணவுக்கு அரை மணி முன்போ போட்டுக்கொள்ளலாம். கர்ப்பம் உறுதியான பிறகு நீண்ட விரதம் வேண்டாம்.

புட்டியை எங்கே வைப்பது? கம்பெனி மாற்றிக் கொடுத்தால் வாங்கலாமா?

வெயில், ஈரம், வெளிச்சம் மூன்றும் இந்த மருந்துக்கு ஆகாது. சென்னையில் முதல் இரண்டும் வருடம் முழுக்க உண்டு. அடுப்படி அலமாரி, குளியலறை, ஸ்கூட்டர் டிக்கி எதுவும் வேண்டாம். படுக்கையறை பீரோ போதும். வாரத்துக்கான டப்பாவில் பிரித்துக் கொட்டாமல், புட்டியிலேயே மூடி இறுக்கி வையுங்கள்.

எல்ட்ராக்சின், தைரோநார்ம் இரண்டிலும் இருப்பது லெவோதைராக்சின்தான். எதை எடுத்தாலும் அதிலேயே தொடருங்கள். மாற்ற நேர்ந்தால் ஆறு வாரத்தில் ஒருமுறை டிஎஸ்எச் பார்த்துவிடுங்கள். வாங்கும்போது புட்டியில் எண்ணைப் படியுங்கள். 12.5-க்கும் 125-க்கும் நடுவில் ஒரு புள்ளிதான்.

வீட்டுக்காரருக்கும் பரிசோதனை வேண்டுமா?

வேண்டும். "என்னம்மா, விசேஷம் ஏதும் இல்லையா?" என்று கேட்பவர்கள் எல்லோரும் பெண்ணைப் பார்த்தே கேட்கிறார்கள். தைராய்டு என்று ஒரு பெயர் அவள் ரிப்போர்ட்டில் வந்துவிட்டால் மொத்தப் பழியும் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. விந்துப் பரிசோதனை எளிமையானது, வலியில்லாதது, செலவும் குறைவு. முதல் மாதமே செய்துவிடலாம். ஆணுக்குத் தைராய்டு குறைந்தாலும் விந்தணுவும் நாட்டமும் குறையலாம், அதுவும் அதே மாத்திரையில் சரியாகும். ஒரு பெண் இரண்டு வருடம் மாத்திரை, ஊசி, ஸ்கேன் என்று அலைந்த பிறகு கணவருக்கு முதல் பரிசோதனை எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வருடத்தை அவளுக்கு யார் திருப்பித் தருவார்கள்?

ஐ.வி.எஃப். செய்யப்போகிறோம்.

முட்டையை வளர்க்கும் ஊசிகள் ஈஸ்ட்ரோஜனை ஏற்றும். அதனால் தைராய்டின் தேவை கூடி டிஎஸ்எச் ஏறலாம். ஊசி தொடங்கும் முன்பே 2.5-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கருத்தரிப்பு டாக்டரும் தைராய்டு டாக்டரும் வேறு வேறு இடத்தில் இருந்தால் இருவரின் சீட்டையும் ஒரே கோப்பில் வைத்து இருவரிடமும் காட்டுங்கள்.

தனியாரில் காட்ட வசதி இல்லை. எங்கே போவது?

பக்கத்திலுள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். பெரிய இடம் என்றால் 1844-ல் தொடங்கிய எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணியில் பழைய ஆட்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிற கஸ்தூர்பா காந்தி, வடசென்னைக்காரர்களுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் ஹார்மோன் நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் கொண்டுபோங்கள்.

கர்ப்பம் உறுதியானதும் பிக்மி எனும் அரசின் கர்ப்பிணிப் பதிவைச் சீக்கிரம் செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் உதவி கிடைக்க அது வேண்டும். அந்தத் திட்டத்தில் தருகிற ஊட்டச்சத்துப் பெட்டியில் இரும்புச்சத்து டானிக்கும் இருக்கும். அதற்கும் அதே நான்கு மணி நேரம்தான். பதிவின்போதே தைராய்டு மாத்திரை எடுப்பதைச் சொல்லி அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

பிறந்த பிறகு? குழந்தைக்கும் வருமா?

பெரும்பாலும் வராது. ஆனால் அம்மாவுக்கு இருக்கிறதோ இல்லையோ, பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் சில நாளுக்குள் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்க வேண்டும். பிறவியிலேயே குறைவு இருந்தால் வெளியே தெரியாது, முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மூளை தப்பிக்கும். டிஸ்சார்ஜ் ஆகும் முன் "எடுத்தாச்சா?" என்று கேட்டுவிடுங்கள். நானும் கேட்டேன்.

உங்கள் மாத்திரை, பிரசவம் முடிந்ததும் பொதுவாகப் பழைய அளவுக்கே திரும்பும். ஆறு வாரத்தில் ஒரு டிஎஸ்எச். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருக்கிற காலத்தில் இந்த ஒரு பரிசோதனைதான் அதிகம் விட்டுப்போகிறது, குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போகிற அதே நாளில் உங்கள் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள். எதிர்ப்பொருள் இருப்பவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வருடத்தில் தைராய்டு ஏறி இறங்கலாம். தூக்கமின்மை, சோர்வு, காரணமில்லாத அழுகை எல்லாம் "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான்" என்று போய்விடும். அப்படித் தோன்றினால் வருடம் முடிகிறவரை காத்திருக்காமல் ரத்தம் எடுத்துப் பாருங்கள்.